பத்துக்குக் கீழே வெள்ளை

பயந்தவன் எச்சரிக்கையாக இருப்பான் என்று ஊரே நம்புகிறது. ஓசூரில் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி கிடையாது. ஆனால் யாராவது 'பயமில்லை' என்று சொல்லிவிட்டால் போதும், மூளையைக் கழற்றி வைத்துவிடுவேன். சொன்னது நானே என்றாலும்கூட.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குடியிருப்பில் டெங்கு பரவியது. கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன் என்பதால், எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வண்ணப்படம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. (நானே போய்த் தலையை நீட்டினேன்.) தொழிலாளர் விடுதி இருந்த தெருவில் நாற்பத்தெட்டுப் பேர். மற்ற தெருக்களில் ஒன்று, இரண்டு, நான்கு. எங்கள் தெருவில் ஏழு.

கம்பெனியில் எங்களுக்கு ஒரே வேதம்: பெரிய கோளாறைப் பிடி, சின்னது தானாக விழும். நாற்பத்தெட்டை ஐம்பதாக்கி, அதை ஐந்து சம பங்காகப் பிரித்தேன். பத்துக்குக் கீழே வெள்ளை. ஏற ஏறச் சிவப்பு. விடுதித் தெரு ரத்தமாகச் சிவந்தது. மற்றதெல்லாம் பால் வெள்ளை, அதாவது பயமில்லை.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டதும் ஒரே கைதட்டல். குழாயில் வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் இடம், வாசலெல்லாம் ட்ரம். கொசுவுக்குப் பயந்து மூடித் திறந்து அலுத்துப்போயிருந்த எங்கள் தெரு, மூடிகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்தது. முதலில் கழற்றியவன் நான்.

மூன்றாவது வாரம் என் மகள் நிவேதாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் காலையில் ஒரு எண், மாலையில் அதைவிடக் குறைவு. பக்கத்துக் கட்டிலில் எதிர்வீட்டு ரத்னம்மாவின் கணவர். (ரத்னம்மாவுக்கு வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, சண்டைக்கு மட்டும் தமிழ்.) அன்று ரத்னம்மா தமிழில் ஆரம்பித்தார்.

"ஏன் சார், ஏழு பேர் படுத்திருந்த தெருவுக்குப் போய் வெள்ளை போட்டீங்களே, எந்தக் கணக்குல?"

"விடுதியோட ஒப்பிட்டா கம்மிங்கம்மா..."

"கொசு என்ன, ஒப்பிட்டுப் பாத்தா கடிக்குது?"

என் மனைவி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தப் படத்தை மாத்துங்க. இப்பவே."

கட்டிலோரம் உட்கார்ந்து செல்போனில் மாற்றினேன். பூஜ்யத்துக்கு மட்டும் வெள்ளை. ஒன்று, இரண்டுக்கு மஞ்சள். மூன்றிலிருந்து ஒன்பது வரை ஆரஞ்சு. அதற்கு மேல் சிவப்பு. அதே எண்கள்தான், குடியிருப்பு முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. 'முதல் படம் தப்பு, என் தப்பு. ட்ரம்மை மூடுங்க' என்று எழுதி அனுப்பினேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

ஐந்தாம் நாள் பிளேட்லெட் எண் ஏறியது. நிவேதா கஞ்சியைத் தள்ளிவிட்டுப் பரோட்டா கேட்டாள். நான் வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அவள் பர்கூரில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது நான் எதற்காவது 'ஒண்ணுமில்லை' என்று சொல்லிவிட்டால் தொலைந்தேன். "நிஜமாவே ஒண்ணுமில்லையாப்பா, இல்ல ஒன்பது வரைக்கும் ஒண்ணுமில்லையா?" என்பாள். வந்த விருந்தாளிகளுக்கும் கதை தெரியும், சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவள் கழுத்தில் கைவைத்துச் சூடு பார்ப்பேன்.