வாலை வெட்டினாலும் உடையாத எண்

ஒரு எண்ணின் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் முதன்மை மாஸ்டர் என்போம். அறுபதுகளின் கடைசியில், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸில் அவரும், கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளையும், ஆபீஸ் கிளாக்கரான நானும் ஒன்றாக இருந்தோம்.

மாஸ்டர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதே தோட்டத்தில்தான் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்துகொண்டு அவருடைய அம்மா கொழுந்து பறித்தார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத முதன்மை எண் என்றால் மாஸ்டருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பெண் பார்க்கப் போன வீட்டில் தட்டு நிறைய வடை வைத்தார்கள். எண்ணினால் பதின்மூன்று.

"ஒன்னைத் தின்னா பன்னெண்டாயிருமே" என்று தொடாமலே எழுந்து வந்துவிட்டார். சம்பந்தமும் அத்தோடு போயிற்று.

எங்கள் குவாட்டர்ஸில் அடுப்பங்கரைச் சுவரை ஒட்டிய கட்டில் ஒன்றுதான் கதகதப்பானது. அதில் கணக்கப்பிள்ளை. கதவோரக் குளிரில் இருமிக்கொண்டு மாஸ்டர். ஒருநாள் அவர் அடுப்பங்கரைக் கதவில் வெண்கட்டியால் எழுதினார்: 73939133.

"ஐயா, இது முதன்மை எண். இதை வகுத்து உடைச்சிட்டீங்கன்னா நான் காலம் பூரா கதவோரம். உடையலைன்னா அந்தக் கட்டில் எனக்கு."

"லயத்துல பொறந்தவனுக்குச் சூடு கேக்குதோ?" என்றபடி கணக்கப்பிள்ளை எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டார்.

எட்டாயிரத்து அறுநூறுக்கு உட்பட்ட முதன்மை எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்றார் மாஸ்டர். போதுமாம். அவையே ஆயிரத்துக்கு மேல் இருந்தன. அந்த மழைக்காலம் முழுக்க நானும் கணக்கப்பிள்ளையும் அந்தத் தாளைப் பார்த்து வகுத்தோம். சோறு கரிந்தது, எண் அசையவில்லை.

கடைசியில் கணக்கப்பிள்ளை கதவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், துள்ளி எழுந்தார்.

"கடைசி இலக்கம் மூணை விட்டுட்டேன். நாம வகுத்தது வேற நம்பர். போட்டி செல்லாது."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று எடையின் நுனியை வெட்டிக் குறைத்தே எழுதிப் பழகிய கை அது. இங்கேயும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

மாஸ்டர் சாவகாசமாகக் கதவருகே போய்க் கடைசி இலக்கத்தை விரலால் மறைத்தார்.

"இதுவும் உடையாதுங்க. இன்னொன்னை வெட்டுங்க, அதுவும் உடையாது. வெட்டிக்கிட்டே வந்து ஏழு மட்டும் மிஞ்சினாலும் அதுவும் முதன்மைதான்." "எங்க அம்மா பறிச்ச கொழுந்தை எத்தனை வருஷம் வெட்டினீங்க ஐயா. இதை வெட்டிப் பாருங்க."

கணக்கப்பிள்ளை புதுத் தாள் எடுத்து எண்ணைக் கடைசி மூன்றோடு எழுதினார். முழு எண்ணையும் மறுபடி முதலிலிருந்து வகுத்தோம். எண் கதவில் இருந்தபடியே உடையாமல் நின்றது. கணக்கப்பிள்ளையே தன் மெத்தையைச் சுருட்டிக் கதவோரத்துக்குக் கொண்டு போனார். அடுத்த நிறுவையில் மாஸ்டரின் அம்மாவுக்கு நுனி வெட்டாமல் எழுதினார். பின்னால் நின்ற பெண்கள், "எங்களுக்கும் அப்படியே எழுதுங்க ஐயா" என்று தராசைச் சூழ்ந்துகொண்டார்கள். எழுதத்தான் வேண்டியிருந்தது.

மாஸ்டர் அன்று மகாராஜா மாதிரி சுவரோரம் கால் நீட்டிப் படுத்திருந்தார். இருமலே இல்லை.

இன்றும் எங்கேயாவது தட்டில் வடை வைத்தால் எண்ணிப் பார்க்கிறேன். பதின்மூன்று இருந்தால் எனக்கும் தொட மனம் வருவதில்லை.