முந்நூறு ஜி.எஸ்.எம். காவேரி

"காகிதத்தை எடைபோட்டா தரேள், பாய்?" என்று கேட்டார் திருவேங்கடம்.

திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ரஃபீக், "வாட்டர் கலருக்கு முந்நூறு ஜி.எஸ்.எம். எடுத்துக்கங்க சார்" என்று சொன்னதுதான் தப்பு.

"எனக்கு ஒத்தைப் படம்தான். அம்பது கிராம் போதுமே."

"அது காகிதத்தோட கனம் சார். தண்ணி பட்டா சுருங்காது."

சுருங்காது என்றதும் திருவேங்கடம் பர்ஸை எடுத்தார். முந்தின நாள்தான் ஸ்ரீரங்கத்தில் சார்ட் பேப்பரும் பள்ளிப் பிள்ளைகளின் கலர் பெட்டியும் வாங்கி வரைய உட்கார்ந்திருந்தார். முதல் சொட்டுத் தண்ணீருக்கே அது பொரித்த அப்பளமாய் எழும்பிவிட்டது.

மனைவி ரெங்கநாயகி, மகள் ப்ரீத்தியின் பிரசவத்துக்கென்று சிங்கப்பூர் போனவள். ‘அடுத்த மாசம் வரேன்’ என்றே அரை வருஷத்தை ஓட்டிவிட்டாள். இவரோ தனியாகச் சாதம் வடித்து ஊறுகாயோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். ‘வந்துடேன்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? வறட்டுக் கௌரவம்.

போன வாரம் போனில் அவளாகவே, "காவேரியில தண்ணி வந்துடுத்தாமே. கண்ணுலயே நிக்கறது" என்றாள். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அம்மா மண்டபம் படித்துறையையும் காவேரியையும் தன் கையாலேயே வரைந்து அனுப்பினால், பார்த்த மாத்திரத்தில் பெட்டியைக் கட்டிவிட மாட்டாளா?

"ப்ரஷ் நல்லதா ஒண்ணு குடுங்கோ."

"இது உசத்தி சார். அணில் முடி."

திருவேங்கடம் கையை உதறினார். "அணிலா? ராமர் முதுகைத் தடவிக் குடுத்த ஜீவன் பாய் அது. அதோட முடியையா பிடுங்கினேள்?"

"நான் பிடுங்கல சார்."

"ஸ்ரீரங்கத்துல இருந்துண்டு இதை நான் தொடலாமோ?"

ரஃபீக் பெருமூச்சோடு ஒரு நைலான் ப்ரஷ்ஷை எடுத்து வைத்தார். "இதுல தண்ணி நிக்காது, சொட்டும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க. பேப்பரை நாலு பக்கமும் டேப் போட்டுப் பலகையில ஒட்டிக்கங்க."

வீட்டில் பலகை ஏது? ஹால் சுவரிலேயே ஒட்டினார்.

படித்துறைக்குக் காவி அடித்து, ஆகாயத்துக்கு நீலம் வைத்தார். அது சொட்டுச் சொட்டாகப் படித்துறைக்கு இறங்கிவிட்டது. துடைக்கப் போனார், படித்துறைக் காவி ஆகாயத்துக்கு ஏறியது. கழுவுகிறேன் பேர்வழி என்று ப்ரஷ்ஷை முக்கியெடுத்தது தண்ணீர் டம்ளரில் அல்ல, காபி டம்ளரில். மிச்சக் காபியும் காவேரியில் கலந்தது.

"புது வெள்ளம்னா இப்படித்தான் இருக்கும்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கிட்டப் போய், ஓரத்தில் ஹால் ஸ்விட்ச் போர்டும் விழப் போனில் படம் எடுத்தார்.

கீழே ‘வந்துடு’ என்று அடித்தார். அழித்தார். மறுபடியும் அடித்தார். தலை நரைத்த பிறகு பெண்டாட்டியிடம் என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஆனாலும் அதை அழித்துவிட்டு, வெறும் படத்தை மட்டும்தான் அனுப்பினார். அன்றைக்கென்று பார்த்து, அவள் இல்லாத வீடு அவருக்குத் தாங்கவே இல்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை ஜெய்சங்கர் கூப்பிட்டான்.

"மாமா, மாமிக்கு நாளைக்கே ஃப்ளைட் போட்டாச்சு. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்கோ."

திருவேங்கடம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "படத்தைப் பாத்தாளா?"

"பாத்ததுலேர்ந்து ஒரு நிமிஷம் இங்க இருப்பு கொள்ளலை."

"அதானே" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காவேரின்னா சும்மாவா?"

"காவேரியா? ஹால் சுவர் இப்படி ஓதம் ஏறிக் கெடக்கேன்னு, மாமி இங்கேர்ந்தே கொத்தனாருக்குச் சொல்லிட்டா மாமா."