சடையனின் பேஸ் கிட்டார் துலங்கிய கதை

ஒரு காட்டில், சிங்கத்துக்கு அடுத்தபடியாகச் சத்தம் போட அனுமதி வாங்கியிருந்தது ஒரே ஒரு கூட்டம்தான். அது நரி நடத்திய மெல்லிசைக் குழு. காதுகுத்து, கல்யாணம், கட்சி தாவும் விழா என்று எதற்கும் வரும். அதில் பேஸ் கிட்டார் வாசித்தது சடையன் என்ற கரடி. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸ் கிட்டாருக்கு நான்குதான். பார்க்கிறவர்களெல்லாம், "மிச்சம் ரெண்டும் எப்ப அறுந்துச்சு?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தான் வாசிப்பது யார் காதிலும் விழவில்லை என்பதுதான் கரடிக்குத் தாங்க முடியாத வருத்தம். பக்கத்துக் குகையில் யாரோ குறட்டை விடுகிற மாதிரி 'கும்' என்று ஒன்று வரும், அவ்வளவுதான்.

நரியும் ஒருநாள் சொல்லிவிட்டது. "சடையா, இளவரசர் கல்யாணத்துக்குள்ள அந்தச் சத்தத்தைத் தெளிவாக்கு. இல்லேன்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன்."

இந்த வேலை போனால் மறுபடி கறையான் புற்றைத் தோண்டித்தான் பிழைக்க வேண்டும். கரடி, மைக் செட் பார்க்கும் முள்ளம்பன்றி பூரணியிடம் ஓடியது.

பூரணி கிட்டாரைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தது. "அண்ணே, இது கம்பியா, தேனடையா? சாப்பிட்டா கை கழுவுற பழக்கமே கிடையாதா?"

கம்பிகளைக் கழற்றி டீக்கடை அண்டாவில் கொதிக்க வைத்தார்கள். அன்றைய டீயை யானைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தன என்பது தனிக்கதை. பிறகு ஒலியைக் கூர்மையாக்கும் 'டோன்' திருகை முழுக்கத் திறந்துவிட்டு, "உள்ளங்கைச் சதையால தேய்க்காதீங்க, நகத்தால சுண்டுங்க. கையை இன்னும் கொஞ்சம் பின்னால, கம்பி முடியுற பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோங்க" என்றது பூரணி.

கரடி சுண்டியது. கணீரென்று கேட்டது. இத்தனை வருடமாகத் தான் என்ன வாசித்தோம் என்பதைக் கரடியே அன்றைக்குத்தான் கேட்டது. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

கல்யாணத்தன்று பாட வந்தது மயில் மரகதநாதன். மகாராணியாரின் சிபாரிசு. தோகையை விரித்துவிட்டால் பாட்டை யாரும் கவனிப்பதில்லை. அன்றைக்குக் கவனித்தார்கள். கரடி ஒவ்வொரு சுரத்தையும் பளிச்சென்று போடப் போட, மயில் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் பாடிக்கொண்டிருப்பது பந்தியில் இருந்த எருமைக்கே புரிந்துபோனது.

"யாரோ சுருதி விலகுறாங்களே" என்றது சிங்கம்.

விசாரணைக் குழு அங்கேயே கூடியது. மயிலும், மயில் போகிற போக்கில் வாசித்தே பழகிய கீபோர்டு குரங்கும், புல்லாங்குழல் கிளியும் ஒரு பக்கம். கரடி மட்டும் ஒரு பக்கம். பெரும்பான்மைப்படி, விலகியது கரடி என்று தீர்ப்பானது.

நரி கரடியைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

"நீ சுருதியிலதான் இருந்தே. எனக்குத் தெரியாதா? ஆனா தனியா இருந்தியே."

"டோனைப் பழையபடி குறைச்சுடவா அண்ணே?"

"இனிமே குறைச்சும் பிரயோஜனமில்ல. ஒரு தடவை காதுல விழுந்தாச்சு. நீ நல்லா அனுபவிச்சு வாசி. ஸ்பீக்கருக்குப் போற வயரை மட்டும் சொருகாதே."

மீதிக் கச்சேரி முழுக்கக் கரடி வாசித்தது. வேலை முக்கியமாயிற்றே. தலையை ஆட்டியது, கண்ணை மூடியது, தன் வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான் அத்தனை நன்றாக வாசித்தது. ஒரு சொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை.

முடிந்ததும் சிங்கமே மேடையேறிப் பொன்னாடை போர்த்தியது. "இப்பதான்யா பேஸ் சுத்தமா இருக்கு" என்றது.

கரடி தேம்பித் தேம்பி அழுதது. ஆனந்தக் கண்ணீர் என்று காடே எழுந்து நின்று கைதட்டியது.

நீதி: வாத்தியத்தைக் கழுவித் துடைத்து எப்போதும் பளபளப்பாக வைத்துக்கொள்ளுங்கள்; வயரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.