நீர்மூழ்கிக்குள் ஏழு அரசர்கள்

"ராஜா நான்தானே?" என்று எட்வேட் மூன்றாம் தரம் கேட்டபோது அருட்பிரகாசத்தின் வாயில் ஆணிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினார்.

ஆட்டாமல் முடியுமா? எட்வேட்டின் மகனுக்குத்தான் தன் மகளைப் பேசியிருந்தார். பார்க்கிங் ஊரிலிருந்த எட்வேட் வீட்டிலிருந்து பதில் மட்டும் இன்னும் வரவில்லை.

லண்டன் மோர்டன் மாதா கோயிலின் கோடை ஊர்வலத்துக்கு ஒரு லொறியின் மேல் மரத்தால் நீர்மூழ்கி செய்துகொண்டிருந்தார். நானூறு வருடங்களுக்கு முன் ட்ரெபல் என்ற டச்சுக்காரர் தோல் போர்த்த மரக்கப்பலில், துடுப்புப் போடுவித்து, தேம்ஸுக்கு அடியால் ஆட்களை ஏற்றிப் போனாராம். அரசரும் ஏறியதாக ஒரு கதை. தோலுக்காக, மற்றவர்கள் தெருவில் எறிந்த சோபாக்களையெல்லாம் அருட்பிரகாசம் உரித்துவிட்டார். உள்ளே இருப்பவர்கள் தெரிய ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது.

கோயில் பங்குச்சபைச் செயலாளர் பெனடிக்ற் வந்தார். "அவர் ராஜா, நான் துடுப்போ?"

"நீங்களும் ராஜாவா இருங்கோ அண்ணை."

கதை வெளியே போனது. பின்னேரத்துக்குள் மட்டையில் ஏழு கிரீடம் வெட்ட வேண்டி வந்தது.

"துடுப்பு ஆர் போடுறது?" என்றார் அருட்பிரகாசத்தின் மனைவி டொலறஸ்.

"நான்."

"பன்னிரண்டையுமோ?"

எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினார். இழுத்தால் பன்னிரண்டும் ஆடும். கூடவே லொறியும் ஆடியது.

ஊர்வலம் புறப்பட மழை தூறியது.

"அருட்பிரகாசம், கிரீடம் கரையுது!" என்று எட்வேட் அலறினார். நெற்றியில் தங்கப் பூச்சு வழிந்தது.

திறந்த பக்கத்திலும் தோலை வைத்து அடித்தார் அருட்பிரகாசம். உள்ளே கும்மிருட்டு, சோபா மணம், ஏழு அரசர்கள். எட்வேட் வழி நெடுக "நான்தான் ராஜா" என்று கத்திக் கையசைத்தபடியே வந்தார்.

அன்றிரவு ஊர்வல வீடியோ பார்க்க அருட்பிரகாசம் வீட்டுக்கு எட்வேட் டை கட்டிக்கொண்டு வந்தார், மனைவி அஞ்சலீனாவோடு.

திரையில் ஒரு மண்ணிறப் பொதி வந்தது. துடுப்பு ஆட்டியது. தபால் கந்தோர் மூலையால் திரும்பிப் போனது.

"நான் எங்கை?"

"உள்ளுக்கை, அண்ணை."

எட்வேட் தேத்தண்ணியைத் தொடவில்லை. சம்பந்தம் மூழ்கிவிட்டது என்று டொலறஸ் சேலைத் தலைப்பை வாயில் வைத்தார்.

அஞ்சலீனா கேட்டார்: "முழு ஊர்வலமும் இவர் இதுக்குள்ளையோ இருந்தவர்?"

"ஓம் அக்கா."

"இவர் கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

"இல்லை அக்கா, தோல் தடிப்பு."

"அப்ப சம்பந்தம் சரி, தம்பி. கலியாணத்தண்டைக்கும் இந்தக் கப்பலைக் கொண்டு வாங்கோ."