வத்தல் குடோனில் ஆமைக்கு ஒரு வீடு

ஒரு காட்டில், ஓடைப் பாலத்தைத் தாண்டினால், மிளகாய் வத்தல் குடோன் ஒன்று இருந்தது. விலாசம் கேட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்லத் தேவையே இல்லை. எங்கே முதல் தும்மல் வருகிறதோ அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டியது, அவ்வளவுதான். வத்தல் வியாபாரம் படுத்து, குடோன் பூட்டிக் கிடந்த சமயத்தில் தனகோடி என்கிற நரி அதை வாங்கியது. குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் வைத்து இருபத்திநாலு வீடாகத் தடுத்து, "செம்மிளகாய் ரெசிடென்சி" என்று போர்டு மாட்டிவிட்டது.

நரி அச்சடித்த நோட்டீஸைப் பார்க்க வேண்டுமே! குடோனுக்கு ஏது சன்னல்? கூரைக்குக் கீழே காற்றுப் போக நாலு ஓட்டைதான். நோட்டீஸில் அது "வானம் பார்த்த சாளரம்". வண்டியிலிருந்து மூட்டை இறக்குகிற மேடை, "மாலை நேர அமர்விடம்". வீட்டுக்கு வீடு கதவுக்குப் பதில் இரும்பு ஷட்டர். ஒருத்தர் பால் வாங்கத் திறந்தால் இருபத்திநாலு குடும்பமும் எழுந்து உட்காரும். அதற்கு என்ன பேர் வைப்பதென்று நரிக்கே தெரியவில்லை. "பாரம்பரியம்" என்று போட்டுவிட்டது.

இந்த நோட்டீஸை நாலு தரம் படித்து, மடித்து, ஓட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்ட ஒரு ஜீவன் உண்டு. அது ஆமை. பேர் மாசிலாமணி.

ஆமைக்கு எதற்கு வீடு என்று நீங்கள் கேட்பீர்கள். காடே கேட்டது. "முதுகிலேயே கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கானேய்யா கடவுள், உனக்கென்ன குறை?"

"இதுக்குள்ள நான் இருக்கலாம்," என்றது மாசிலாமணி. "இன்னொருத்தரை 'உள்ளே வாங்க'ன்னு கூப்பிட முடியுமா?"

அதற்கு வயது தொண்ணூற்றாறு. இத்தனை வருஷத்தில் அது யாரையும் உள்ளே வாங்க என்று சொன்னதில்லை. அதனிடமும் ஒருத்தரும் சொன்னதில்லை. ஆமை வாசல்படி மிதித்தால் அந்தக் குடும்பமே சரிந்துவிடும் என்று அந்தக் காட்டில் ஒரு பயம். யார் கிளப்பியது, எந்தக் குடும்பம் சரிந்தது, ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் நிச்சயம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போறார்" என்பாள் முயல் வீட்டுக்காரி. திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்கும். மாசிலாமணி நடக்கிற வேகத்துக்கு, சத்தம் மட்டுமா, தண்ணியும் மேலே விழும்.

அதனால்தான் சொந்த வீடு. அதில் ஏற யார் அனுமதியும் வேண்டாமே.

நரியின் ஆபீசுக்குப் போனதும் ஆமை உண்மையைச் சொல்லிவிட்டது. "ஐயா, எனக்கு ஒரு வீடு வேணும். ஆனா ஒண்ணு. நான் ஆமை."

"தெரியுது தலைவரே. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நான் கால் வச்சா அந்த இடம் விளங்காதுன்னு ஊர்ல..."

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "தலைவரே, நான் இதுவரைக்கும் ஏழு கட்டடம் முடிச்சிருக்கேன். ஒண்ணாவது விளங்கியிருக்கா? உங்களால புதுசா என்ன ஆகிடப்போகுது?"

ஆமைக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெருந்தன்மையாக அதனிடம் யாரும் பேசியதில்லை.

விண்ணப்பம் பதினாறு பக்கம். "நிரந்தர முகவரி?" என்று கேட்டது நரி. ஆமை திரும்பி முதுகைக் காட்டியது. "தற்போதைய முகவரி?" மறுபடியும் திரும்பியது. "இதுக்கெல்லாம் ஆதாரம்?" "தட்டிப் பாருங்க." நரி தட்டிப் பார்த்தது, திருப்தியாக இருந்தது, முத்திரையை ஓட்டின் மேலேயே குத்திவிட்டது.

"கீழ் வீடு கிடைக்குமா? படி ஏறுறதுன்னா எனக்குக் கொஞ்சம்..."

"கீழே எல்லாம் போயிடுச்சே. மூணாவது மாடி எடுத்துக்குங்க. அதான் லிஃப்ட் இருக்கே!"

"ஓடுதா?"

"அடுத்த வாரம்."

ஆமை கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது.

அந்த லிஃப்ட் மூட்டை ஏற்றுகிற லிஃப்ட். "மூட்டைக்கு மட்டும். யாரும் ஏறக் கூடாது" என்று சிவப்பில் எழுதியிருக்கும். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், கடைசியாக ஏற்றிய வத்தல் மூட்டையோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் படி ஏற ஆரம்பித்த மாசிலாமணி புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. போனதும் முதல் வேலையாக ஷட்டருக்கு மேலே ஒரு பலகை மாட்டியது: "மாசிலாமணி. உள்ளே வரவும்."

ஒருத்தரும் வரவில்லை. கீழே இறங்கிப் பால் வாங்கிக்கொண்டு ஏறினால் மேலே வந்து சேரும்போது அது தயிர். சரி, தயிராவது கிடைக்கிறதே என்று ஆமை சந்தோஷப்பட்டது. காலை பதினோரு மணிக்கு வெயிலில் செங்கல் சூடேறும். நாற்பது வருஷத்து வத்தல் நெடி சுவரை விட்டு இறங்கும். இருபத்திநாலு வீடும் ஒரே மூச்சில் தும்மும். அந்த ஒரு நேரத்தில்தான் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூட்டை மேடையில் அவசரக் கூட்டம். சங்கச் செயலாளர் சபாபதி என்கிற கொக்கு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலை நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்திருந்தது.

"மிஸ்டர் மாசிலாமணி, நீங்க குடிவந்ததிலேருந்து தண்ணி வரலை."

"அதுக்கு முன்னாடி வந்துச்சுங்களா?"

"வரலை."

"அப்புறம்?"

"அது சாதாரணமா வராதது. இது உங்களால வராதது."

கூட்டம் கை தட்டியது. பின்னாலிருந்து ராக்காயி என்கிற பெருச்சாளி எழுந்தாள்... எழுந்தது என்று சொல்ல வேண்டும், இருந்தாலும் அந்த அம்மாளை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "செயலாளரே, எங்க அப்பன் இந்தக் குடோன்லதான் மூட்டைக்குப் பின்னால ஓட்டை போட்டுக் குடியிருந்தாரு. சல்லிக் காசு கொடுத்ததில்லை. அதே ஓட்டைக்கு இன்னைக்கு நான் மெயின்டனன்ஸ் கட்டறேன். இதுக்கு மேல விளங்காமப் போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"உட்காரும்மா," என்றது கொக்கு. தீர்மானம் நிறைவேறியது: அமாவாசைக்குள் ஆமை காலி செய்ய வேண்டும், வீட்டை நரி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நரிக்கு இதை யார் சொல்வது? வீடு வாங்கி முடித்தவர்களின் போனை எட்டு மாசமாக அது எடுக்கவில்லை. தண்ணிக்கு, லிஃப்டுக்கு, சன்னலுக்கு என்று முப்பத்தோரு மனு போட்டாயிற்று. நேரில் போனால் வாசலில் நிற்கிற கழுதைப்புலி, "ஐயா வெளியூர்" என்று சொல்லும். உள்ளே ஐயா ஏப்பம் விடுகிற சத்தம் கேட்கும். இந்தத் தீர்மானத்தை எழுதிய மனுவை யார் கொண்டுபோவது என்றதும் எல்லாருக்கும் அவரவர் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"ஆமை விஷயம்தானே? ஆமையே கொண்டுபோகட்டும்," என்றது கொக்கு.

ராக்காயிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, உங்களை விரட்டச் சொல்லி எழுதினதை நீங்களே சுமந்துகிட்டுப் போறீங்களா?"

"மத்தவங்களுக்கு நேரமில்லையாம், தாயி," என்றது ஆமை. மனுவை ஓட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஏழு நாள் நடை. நரியின் பங்களா மேட்டில் இருந்தது. நாலு பக்கமும் சன்னல். காற்று என்றால் அப்படியொரு காற்று. ஒரு தும்மல் கிடையாது. கேட்டில் நின்ற கழுதைப்புலி, "ஐயா வெளியூ..." என்று ஆரம்பித்து, வந்திருப்பது யாரென்று பார்த்தது. "அய்யய்யோ, ஆமை!" என்று உள்ளே ஓடியது. அடுத்த நிமிஷம் சாப்பிட்ட கையோடு நரி ஓடிவந்தது.

"நில்லுங்க தலைவரே! அங்கேயே நில்லுங்க! படியில கால் வச்சிடாதீங்க!"

மாசிலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க அதையெல்லாம் பார்க்க மாட்டேன்னு சொன்னீங்களே?"

"அது நான் விக்கிற வீட்டுக்குங்க! இது நான் குடியிருக்கிற வீடு!"

ஏழு நாள் வெயில். ஆமைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் தண்ணி..." என்று சொல்லிக்கொண்டே நிழலுக்காக ஒரு முன்னங்காலைத் தூக்கியது.

"தண்ணிதானே? நாளைக் காலையில புது மோட்டார் வந்து நிக்கும்! காலை எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

ஆமை காலை எடுத்தது. ஒரு சொம்புத் தண்ணி கேட்டால் மோட்டாரே வருகிறதே என்று யோசித்தது. மாசிலாமணி மெதுவாகத்தான் யோசிக்கும். ஆனால் பாதியில் விடாது. யோசித்து முடித்ததும் அடுத்த முன்னங்காலைத் தூக்கிப் படிக்கு நேராகப் பிடித்தது.

"லிஃப்ட்டு..."

"வெள்ளிக்கிழமை ஓடும்!"

ஆமை நிதானமாகத் திரும்பி நின்று பின்னங்காலை நீட்டியது. "சன்னல்."

"வீட்டுக்கு ரெண்டு! என் செலவு!" நரிக்கு வியர்த்துக் கொட்டியது. அதன் பெண்சாதி உள்ளேயிருந்து, "கேட்டதைக் கொடுத்து அனுப்பித் தொலைங்களேன்!" என்று கத்தினாள்.

ஒரு கால் பாக்கி. மாசிலாமணி அதையும் தூக்கியது. ஆனால் இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. "கடைசியா ஒண்ணு. 'உள்ளே வாங்க'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நான் வர மாட்டேன். சொன்னாப் போதும்."

நரி பேரம் பேசப் பார்த்தது. "அதுக்குப் பதிலா ஒரு கார் பார்க்கிங் தந்துடறேன்."

"என்கிட்ட கார் இல்லையே."

"காரும் தரேன்."

ஆமை அந்தக் காலை மெல்ல, வெளிப்பக்கமாகவே கீழே வைத்தது. "இருக்கட்டும். நான் வர்றேன்." நரி தன் ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பியது. பாதி வழியில்தான் ஆமைக்கு ஓட்டுக்குள் இருந்த மனு ஞாபகம் வந்தது. அதற்குள் பங்களா கண்ணுக்கு மறைந்துவிட்டது. திரும்பு என்று அது டிரைவரிடம் சொல்லவில்லை.

சொன்னபடி மோட்டார் வந்தது. லிஃப்ட் ஓடியது. சுவரை உடைத்துச் சன்னல் வைத்தார்கள். கொக்கு ஓடிவந்து மாலை போட்டது.

"அந்தத் தீர்மானம் என்னாச்சுங்க?" என்றது ஆமை.

"எந்தத் தீர்மானம்?" என்றது கொக்கு. அந்தப் பக்கத்தைக் கிழித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தாகிவிட்டது. மாசிலாமணி ஆயுள் காலத் தலைவர். பக்கத்துக் காலனிக்காரர்கள், "எங்க பில்டர் வீட்டு வாசலுக்கும் அவரை ஒரு நாள் அனுப்ப முடியுமா?" என்று வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் சரி. மூன்றாவது மாடிப் பலகையைப் பார்த்துத்தான் ஒருத்தரும் வரவில்லை. "இன்னொரு நாள் வர்றேன் தலைவரே," என்றது கொக்கு. ராக்காயிகூடத் தலையைச் சொறிந்தாள். "அண்ணாச்சி, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம், பாருங்க..."

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நரி வந்தது. ஆமை மறுபடி மேட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாதே என்கிற கவலை அதற்கு. கையில் லட்டுப் பொட்டலம். ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டு, "எல்லாம் சௌகரியமா தலைவரே? குறை ஒண்ணும் இல்லையே?" என்றது.

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. தொண்ணூற்றாறு வருஷமாக உள்ளே கிடந்த வார்த்தை, கொஞ்சம் துரு ஏறியிருந்தது.

"உள்ளே வாங்க."

"பரவாயில்லீங்க, இங்கேயே நின்னு..."

"அப்ப நான் அங்கே வந்து பேசட்டுமா?"

நரி உள்ளே வந்தது. பாயில் உட்கார்ந்தது. பதினோரு மணி ஆயிற்று. செங்கல் சூடேறி, நாற்பது வருஷத்து வத்தல் சுவரை விட்டு இறங்கியது. சன்னல் எத்தனை வைத்தால் என்ன, சுவருக்குள் ஊறியதை எது வெளியே விரட்டும்? நரி தும்மியது. நாற்பத்திமூன்று தும்மல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணி ஊற்றியது. ஒவ்வொரு தும்மலுக்கும் மாசிலாமணி, "நூறாயுசு" என்றது.

"நான்... கிளம்பட்டுங்களா?" என்றது நரி.

"இருங்க, காப்பி போடறேன்," என்றது ஆமை, உலகத்திலேயே மெதுவாக அடுப்பங்கரைக்கு நடந்தபடி. "இப்பல்லாம் நம்ம வீட்டுக்குப் பால் பாலாவே வருது."

அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மாசிலாமணி வீட்டுக்கு, லட்டுப் பொட்டலத்தோடு ஒரு விருந்தாளி உண்டு.

நீதி: நல்ல பேரோடு முப்பத்தோரு மனு போடுவதைவிட, கெட்ட பேரோடு ஒரு காலைத் தூக்கினால் காரியம் ஆகும். ஆகவே பிள்ளைகளே, வீடு வாங்குமுன் வில்லங்கம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பில்டர் எங்கே குடியிருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.