லாக்லனுக்குக் கட்டம் சரியில்லை

இந்த ஒரு கல்யாணத்திலாவது மாமனார் வீட்டு மஞ்சளைக் கட்டுவதில்லை என்று லாக்லன் முடிவெடுத்தார்.

ஸ்காட்லாந்தில் ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கட்டம் போட்ட பாவாடைக்குக் கில்ட் என்று பெயர். குலத்துக்கு ஒரு கட்டம். மனைவி இஷ்பெல் பிறந்த மெக்லௌட் குலத்துக் கட்டம் மஞ்சள். அந்தக் கில்ட்டை உடுத்தினால் ஆள் வருவதற்கு முன்னால் மஞ்சள் வந்துவிடும். மச்சினன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைமார் எல்லாரும் அதையே கட்ட வேண்டும் என்பது மாமியார் உத்தரவு. போன கல்யாணத்தில் ஒரு தேனீ லாக்லனை விட்டு நகரவேயில்லை. அவருடைய சொந்தக் குலத்துக் கில்ட்டோ, வயிற்றோடு பேச்சுவார்த்தையை எப்போதோ முறித்துக்கொண்டது.

மிச்சம் கம்பெனி கில்ட். லாக்லன் இன்வர்னஸில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் விற்பனையாளர். கருநீலத்தில் வெண்ணெய் நிறக் கோடு. பதிவு செய்த கட்டம். கம்பெனி ஆட்கள்தான் உடுத்தலாம். அதுவும் வேலையில் இருக்கும்போது மட்டும்.

"இதைத்தான் கட்டப்போறேன்."

இஷ்பெல் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. "மிச்சத் துணியில டீ கெட்டிலுக்கு உறை தைக்கறேன்னேன். கோர்ட்டுக்கு இழுத்துருவாங்கன்னு பிடுங்கிட்டீங்க."

"கெட்டில் கம்பெனியிலயா வேலை பார்க்குது?"

"கல்யாணம் மட்டும் கம்பெனியிலயா நடக்குது?"

லாக்லன் கில்ட்டின் மடிப்பை நீவினார். "மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். வாய்வார்த்தையா."

"யார் வாய்? ரட்டரே வாயா, உங்க வாயா?"

"அவரேதான். தாராளமா கட்டிக்கோன்னாரு."

"அப்ப சரிங்க."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்த 'சரிங்க'வுக்குப் பயந்திருக்க வேண்டாமா? நிம்மதியாகத் தூங்கினார்.

கல்யாணத்தன்று மஞ்சள் சகலைகளுக்கு நடுவே கருநீலமாக நிமிர்ந்து வந்தார். மண்டப வாசலில் மேனேஜர் ரட்டரே. கையில் பெரிய தட்டு.

"வாப்பா! உன் சம்சாரம் போன் பண்ணி நன்றி சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன், சொன்னாங்க. என்னையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்க."

"சார், அது வந்து..."

"பதறாதே. வேலையில இருந்தா கட்டலாம்ல? அதான் உன்னை வேலையில போட்டுட்டேன். வந்தவங்க எல்லாருக்கும் நம்ம பிஸ்கட். சிரிச்சுக்கிட்டே குடு."

சகலைகள் விஸ்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, "தம்பி, இன்னொரு தட்டு!" என்றார். பிடில் வாசித்தார்கள். எல்லாரும் ஆடினார்கள். லாக்லனின் கால் தாளம் போட்டது, கை தட்டைத் தாங்கியது. கட்டம் சரியில்லை என்பார்களே, அது இதுதான்.

கடைசியில் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டார். "இஷ்பெல், இதைக் கழட்டிட்டா வேலை முடிஞ்ச மாதிரிதானே?"

"கழட்டிட்டு எதைக் கட்டுவீங்க?"

"...மஞ்சளைத்தான்."

இஷ்பெல் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள்.

"கல்யாணப் பத்திரிகை வந்த அன்னிக்கே இதோட இடுப்பைத் தளர்த்தி வெச்சுட்டேங்க."