சும்மாதான் கேட்டேன்

"நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டு முடித்த பிறகுதான், மேசைமேல் கைபேசி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருப்பது விஜயசங்கருக்கு உறைத்தது.

விஜயசங்கர் தென்காசியில் மனநல ஆலோசகர். போன வாரம் குற்றாலத்தில் சாரலும் பஜ்ஜியுமாக ஒரு பயிலரங்கம். "பாகுபாட்டை ஒழிக்கணும்னா முதல்ல நம்ம மனசுக்குள்ள எட்டிப் பாக்கணும்" என்று பயிற்சியாளர் ஃபாயிஸா சொன்னதும், இவரும் கண்ணை மூடி எட்டிப் பார்த்தார். உள்ளே பளிச்சென்று இருந்தது. அழுக்கெல்லாம் அடுத்தவர் மனசில்தான் என்று தெரிந்தபின், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் மாவட்டப் பயிற்சியாளர் பதவியை விட்டுக்கொடுக்க முடியுமா? அதற்கு, வருபவரின் சம்மதத்தோடு ஓர் ஆலோசனையைப் பதிவு செய்து ஃபாயிஸாவுக்கு அனுப்ப வேண்டும்.

எதிரே இருந்த ரூபி வங்கி ஊழியர். புளியங்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தூக்கமில்லை என்று வந்திருந்தார்.

"வாடகைக்கு வீடு கெடைக்கல சார். எல்லாம் பேசி முடிச்சுட்டு, நைசா எந்தத் தெருன்னு கேக்காங்க. சொன்னதும், மகன் வருதான், மருமக வருதான்னு கதவச் சாத்துதாங்க. ராத்திரி கண்ண மூடுனா அந்தக் கேள்விதான் காதுல கேக்கு."

"அடடா, மனசே கனத்துப் போச்சும்மா" என்று உருகினார் விஜயசங்கர். அந்த உருக்கத்தில்தான் அதே கேள்வி வழுக்கி வெளியே விழுந்துவிட்டது.

"நீங்களுமா சார்?"

"ஐயையோ, சும்மாதான் கேட்டேன்! நீங்க யாரா இருந்தாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"தப்பா நெனைக்க என்ன சார் இருக்கு?"

விஜயசங்கர் அவசரமாக விளக்கினார். "இல்லம்மா, எங்க வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க. காப்பி குடுப்போம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பேப்பர் கப்புதான்."

"நீங்களும் பேப்பர் கப்புலதான் குடிப்பீங்களா?"

"எங்களுக்கு எவர்சில்வர். அது அம்மா பழக்கம்."

பேச்சை மாற்றினால் தப்பிக்கலாம் என்று பட்டது. மாற்றினார்.

"அத விடுங்க. புளியங்குடில எங்கன? எலுமிச்சை மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"சார்!"

"ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கணும்மா, அதான்!"

ரூபியின் கை கைப்பைக்குப் போனது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று விஜயசங்கர் நம்பினார். "உங்களப் பாத்தா அப்படி யாருமே சொல்ல மாட்டாங்கம்மா. அவ்வளவு டீசன்டா இருக்கீங்க."

ரூபி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்காரங்க சும்மா கேட்டாங்க சார். நீங்க ஃபீஸ் வாங்கிட்டுக் கேக்கீங்க. அந்தப் பதிவ கண்டிப்பா அனுப்புங்க. எனக்குப் பூரண சம்மதம்."

கதவு சாத்திக்கொண்டது. விஜயசங்கர் கண்ணை மூடி மறுபடி எட்டிப் பார்த்தார். இந்த முறை உள்ளே இருட்டாக இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. நல்லவேளையாக அந்த வேதனை ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. பதிவை அழித்ததும் மனசு பழையபடி பளிச்சென்றாகிவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் ஒரே ஒரு சறுக்கல்தானே?

வெளியே வந்து, வரவேற்பு மேசையில் இருந்த சங்கரேஸ்வரியிடம் சொன்னார். "நாளைக்கு வேற ஒருத்தர வச்சுப் பதிவு செஞ்சிருவோம். நம்மகிட்டதான் எல்லாத் தரப்பு ஆளுகளும் வருதாங்களே. இதுவரைக்கும் யாராவது இப்படி மூஞ்சியத் தூக்கிட்டுப் போயிருக்காங்களா?"

"எப்படி சார் போவாங்க?" என்றாள் சங்கரேஸ்வரி. "நேத்து நான் லீவு. அந்தம்மா நேரம் கேட்டு அடிச்ச ஃபோன நீங்களே எடுத்துட்டிய. நான் எடுத்தா, என்னைய வேலைக்குச் சேக்கையில நீங்க கேட்ட மாதிரியே எந்தத் தெருன்னு கேட்டு, நம்மாளுகளுக்கு மட்டுந்தான சார் நேரம் குடுப்பேன்!"